குழந்தையும் நாய்க்குட்டியும்: விவசாயக் குடும்பம் கவனிக்க வேண்டியவை

கிராமத்து வீடுகளில் குழந்தையும் குட்டியும் சேர்ந்தே வளர்கின்றன. திண்ணையில் நாய்க்குட்டி, கொட்டிலில் ஆட்டுக்குட்டி, பஞ்சாரத்தில் கோழிக்குஞ்சு என்று ஏதாவது ஒன்று குழந்தையின் கைக்கு வந்துவிடுகிறது. பள்ளிவிட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு முதலில் தேடுவது அதைத்தான். தன் சோற்றில் ஒரு பங்கை அதற்கு வைக்கிறது. அதற்கு ஒரு பெயரும் சூட்டுகிறது.

இது நல்ல பழக்கம். வேளைக்குத் தண்ணீர் வைப்பது, கட்டிப் போட்ட உயிர் தன்னை நம்பி இருக்கிறது என்று உணர்வது, சாணம் இளகினால் நோய் என்று கண்டுகொள்வது ஆகியவற்றைக் குழந்தை இப்படித்தான் கற்கிறது. பிற்காலத்தில் மாடு கன்று பேணும் கைக்கு இதுவே முதற்பாடம். ஆகையால் குழந்தை குட்டி வளர்ப்பதைப் பெற்றோர் தடுக்கத் தேவையில்லை. ஆனால் குட்டியிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடிய நோய்கள் சில உண்டு. அவற்றில் வெறிநோய் வந்துவிட்டால் உயிரைக் காப்பாற்ற வழி இல்லை. வராமல் தடுப்பது மிக எளிது. அந்த வழிகளை ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குட்டியைக் கொண்டுவரும் வயது

கண் திறந்தவுடன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருவது தவறு. குறைந்தது 6 முதல் 8 வாரம் வரை அது தாயுடனும் கூடப் பிறந்த குட்டிகளுடனும் இருக்க வேண்டும். தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. அதோடு, கூடப் பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி வளர்ந்த பிறகும் விளையாட்டில் அழுத்திக் கடிக்கும்.

குழந்தை உள்ள வீட்டுக்கு விலை உயர்ந்த சாதி நாய் தேவையில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற குட்டை முடி உள்ள நாட்டு நாயே போதும். செலவும் குறைவு. பளிச்சென்ற கண், ஈரமான மூக்கு, சொறி இல்லாத தோல், கூப்பிட்டால் ஓடிவரும் சுபாவம் ஆகியவற்றைப் பார்த்து எடுக்கலாம். மூலையில் ஒடுங்கி நின்று உறுமும் குட்டியைத் தவிர்ப்பது நல்லது.

நாய்க்குப் போடும் ஊசி குழந்தையைக் காக்கும்

வெறிநோய்க் கிருமி நோயுற்ற பிராணியின் எச்சிலில் இருக்கிறது. கடி, நகக் கீறல், புண்ணின் மேல் நக்குதல் ஆகியவற்றால் அது மனித உடலில் புகுகிறது. நரம்பு வழியாக மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றிவிட்டால், அதன்பின் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 வரை நாய் மூலமே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் பிராணிகளிடம் கடிபடுவோரில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். நான்கு வாரம் கழித்து மருத்துவர் சொல்லும் நாளில் இன்னொரு ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. குட்டிகளை வாரிக்கொண்டு போகும் கழிச்சல் நோய்க்கும் தனித் தடுப்பூசி உண்டு. அது 6 முதல் 8 வார வயதிலேயே தொடங்கும். ஊசி போட்ட நாளைச் சுவரில் மாட்டிய நாள்காட்டியில் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டு மறக்காது. இந்தப் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுக்கலாம். தன் நாயின் ஊசி நாளைக் குழந்தை மறக்காது.

செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநோய் தினம். அந்நாளை ஒட்டிப் பல ஊர்களில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்து, வீட்டு நாயோடு தெருவில் சோறு தின்று திரியும் நாய்களையும் பிடித்துச் சென்றால் ஊருக்கே பாதுகாப்பு.

குடற்புழு நீக்கம்

பெரும்பாலான நாய்க்குட்டிகள் பிறக்கும்போதே வயிற்றில் புழுவோடு பிறக்கின்றன. தாயின் உடலிலிருந்தும் பாலிலிருந்தும் புழு குட்டிக்கு வந்துவிடுகிறது. குட்டியின் வயிறு பானைபோல் உப்பி, முடி பளபளப்பு இழந்து காணப்பட்டால் புழு மிகுந்துள்ளது என்று அறியலாம்.

நாய் கழித்த இடத்தில் உருண்டைப் புழுவின் முட்டைகள் விழுகின்றன. சில வாரத்தில் அவை நோய் தரும் பக்குவம் அடைந்து, மண்ணில் பல மாதம் கெடாமல் கிடக்கின்றன. மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் தின்னும் குழந்தையின் வயிற்றில் அவை போய்ச் சேர்கின்றன. அங்கே பொரிக்கும் இளம் புழுக்கள் ஈரல், நுரையீரல் என்று அலையும். சில சமயம் கண்ணுக்குள் புகுந்து பார்வையையும் கெடுக்கும். நாயின் கொக்கிப் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, வளைந்து வளைந்து ஓடும் தடிப்பையும் பொறுக்க முடியாத அரிப்பையும் உண்டாக்கும்.

குட்டிக்கு 2 வாரம் ஆனதிலிருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன்பின் 3 மாதத்துக்கு ஒரு முறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. மனிதருக்கு வாங்கிய மாத்திரையைக் கண்ணளவாக உடைத்துப் போடக் கூடாது. நாயின் கழிவை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளிக் குழியில் மூடுவதும், குழந்தைகளைச் செருப்பு அணியச் செய்வதும், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பதும் பாதி நோயைத் தடுத்துவிடும்.

ஆட்டுக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள்

கோயில் விழாவிலும் விருந்திலும் கிடா வெட்டிய பின் வேண்டாத குடல், நுரையீரல், கெட்டுப்போன ஈரல் முதலியவற்றை நாய்க்கு எறிவது வழக்கம். இதில் பெரிய ஆபத்து உள்ளது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர் நிரம்பிய கட்டிகள் காணப்படும். அக்கட்டிக்குள் ஒருவகை நாடாப்புழுவின் கரு இருக்கிறது. அதைத் தின்ற நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள சிறு நாடாப்புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளரும். நாய்க்கு அதனால் பெரிய கெடுதல் தெரிவதில்லை. ஆனால் அதன் கழிவில் வரும் முட்டை நாயின் முடியிலும் ஒட்டியிருக்கும். நாயைக் கட்டித் தழுவிய கையோடு தின்னும் குழந்தையின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி உண்டாகும். அது பல ஆண்டுகள் மெதுவாக வளர்ந்து, கடைசியில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய நிலைக்கு வரும்.

நாயின் மற்றொரு நாடாப்புழு மந்தையையும் கெடுக்கிறது. அதன் முட்டை விழுந்த புல்லை மேய்ந்த ஆட்டின் மூளையில் கட்டி தோன்றும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, தீனி எடுக்காமல் விழுந்து சாகும்.

ஆகவே வேண்டாத ஈரல், குடல் முதலியவற்றை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நாய்க்குக் கொடுப்பதானால் நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். எல்லாக் குடற்புழு மருந்தும் நாடாப்புழுவைப் போக்காது. ஆடு வளர்ப்போர் நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

உண்ணிக்கு வயல் மருந்து கூடாது

நாயின் காதிலும் விரல் இடுக்கிலும் உண்ணி மொய்க்கும்போது, பருத்திக்கோ நெல்லுக்கோ வாங்கிய பூச்சிமருந்தில் மீதி இருப்பதைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது நாயைக் கொல்லும். அதைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தையையும் கொல்லக் கூடும். மருந்து தோல் வழியாகவே உடலில் ஏறுகிறது. உண்ணிக்கென்றே கால்நடை மருந்துகள் உள்ளன. அவற்றைச் சொன்ன அளவில் பெரியவர்களே தடவ வேண்டும். உலரும்வரை குழந்தையை அருகே விடக் கூடாது. எலிக்கு வைக்கும் விஷத் தீனி, பூச்சிமருந்துக் காலி டப்பா இரண்டும் குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். காலி டப்பாவில் நாய்க்குத் தண்ணீர் வைப்பது ஒருபோதும் கூடாது.

குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டியவை

தெரு நாயிடம் மட்டும் குழந்தைகள் கடிபடுவதில்லை. தெரிந்த நாயிடமும் வீட்டு நாயிடமும் கடிபடுகிறார்கள். நாய் முன்கூட்டியே காட்டும் அடையாளத்தைக் குழந்தையால் புரிந்துகொள்ள முடியாததே காரணம். கீழ்க்கண்டவற்றைச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும்.

1. தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடக் கூடாது.

2. வாயில் உள்ள எலும்பைப் பிடுங்கக் கூடாது. வாலையும் காதையும் இழுக்கக் கூடாது.

3. நாயின் முகத்தோடு முகம் வைத்து முத்தமிடக் கூடாது. சிறு குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால் கடி முகத்தில் விழுகிறது. முகத்துக் கடி மூளைக்கு அருகில் இருப்பதால் ஆபத்து அதிகம்.

4. காதைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பை விறைத்து, பல்லைக் காட்டி உறுமினால் அது 'விலகிப் போ' என்று சொல்கிறது. மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

5. அறியாத நாய் எதிரே வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. கைகளை உடம்போடு ஒட்டி மரம்போல் நிற்க வேண்டும். கீழே தள்ளிவிட்டால் கழுத்தையும் காதையும் கையால் மூடி, உடம்பைச் சுருட்டிக் குப்புறப் படுக்க வேண்டும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை எந்த நாயோடும், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், தனியே விட்டுவிட்டு வயலுக்குப் போகக் கூடாது.

கடித்துவிட்டால் முதல் 15 நிமிடம்

கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் பம்புசெட் தண்ணீர் போதும். குடத்திலிருந்து இடைவிடாமல் ஊற்றியும் கழுவலாம். குழந்தை அழுதாலும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. கிருமியின் மேல் உறையைச் சோப்பு சிதைத்துவிடுகிறது. பிறகு கிருமிநாசினி மருந்து இருந்தால் தடவலாம்.

மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய், காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் வைக்கக் கூடாது. இவை புண்ணைக் கிளறிக் கிருமியை உள்ளே செலுத்தும். இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது. தையல் போடுவதை மருத்துவர் முடிவு செய்வார். மந்திரிப்பதிலும் வேர் கட்டுவதிலும் கழியும் நேரம் குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும்.

கழுவியதும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். ஊசி அங்கே இலவசமாகப் போடப்படுகிறது.

பழைய 14 ஊசி இப்போது இல்லை

நாய்க்கடி என்றாலே வயிற்றைச் சுற்றிப் போடும் 14 ஊசிதான் பெரியவர்களின் நினைவுக்கு வருகிறது. ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஊசிக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட இன்று காரணமே இல்லை.

இப்போது போடுவது இரண்டு விதம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இரு கைகளிலும் சிறிதளவு மருந்து போடப்படும். தசையில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 14, 28-ஆம் நாள் என ஐந்து தடவை. எந்த முறையானாலும் சொன்ன நாளில் போய்ப் போட்டு முடிக்க வேண்டும். அறுவடை, கல்யாணம் என்று கடைசி ஊசியை விட்டுவிடக் கூடாது.

எந்தக் கடிக்கு எது தேவை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. புண் இல்லாத தோலை நாய் நக்கினால் கழுவினாலே போதும். இரத்தம் வராத கீறலுக்கும் இலேசான கடிக்கும் தடுப்பூசி தேவை. இரத்தம் வந்த கடிக்கும், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டதற்கும் தடுப்பூசியோடு, புண்ணைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை கிருமியை அந்த இடத்திலேயே அடக்குவது இந்த மருந்துதான். சுகாதார நிலையத்தில் அது இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்று கேட்டு அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முன்பு முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட குழந்தை மீண்டும் கடிபட்டால் முதல் நாளும் 3-ஆம் நாளும் என இரண்டு தடவை ஊசி போதும். பழைய சீட்டை அதற்காகப் பத்திரப்படுத்த வேண்டும்.

'பால் குடிக்கும் குட்டிதானே', 'நம் வீட்டு நாய்தானே', 'ஊசி போட்ட நாய்தானே' என்று கடியை அலட்சியப்படுத்தக் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். எந்தக் கடியானாலும் மருத்துவரே பார்த்து முடிவு செய்யட்டும்.

குழந்தை ஏன் மறைக்கிறது?

மேலே சொன்ன எல்லாம் குழந்தை வாய் திறந்து சொன்னால்தான் பயன்படும். கடிபட்ட குழந்தைகள் பலர் வீட்டில் சொல்வதே இல்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு பல் தடம். பாவாடையோ கால்சட்டையோ அதை மறைத்துவிடுகிறது. நாலு நாளில் காயம் ஆறிவிடும். ஆனால் வெறிநோய் பொதுவாக 1 முதல் 3 மாதம் கழித்தே தலைகாட்டுகிறது. சில சமயம் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, கடித்த இடத்தில் குறுகுறுப்பு ஏற்பட்டு, தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கும்போதுதான் 'என்றைக்காவது நாய் கடித்ததா?' என்று வீட்டார் கேட்கிறார்கள். அப்போது கேட்டுப் பயன் இல்லை.

குழந்தை மறைப்பதற்கு இரண்டு பயம் காரணம். ஒன்று, 'நாயிடம் போகாதே என்று சொன்னேனே' என்று விழப்போகும் அடி. மற்றொன்று அதைவிடப் பெரியது: தான் ஆசையாய் வளர்த்த நாயை அப்பா அடித்துக் கொன்றுவிடுவார், அல்லது சாக்கில் கட்டி எங்கேனும் விட்டுவிடுவார் என்ற பயம். நாயைக் காப்பாற்றவே குழந்தை தன் காயத்தை மறைக்கிறது. முன்பு எப்போதோ பக்கத்து வீட்டில் அப்படி நடந்ததை அது பார்த்திருக்கும்.

எனவே பெற்றோர் முன்கூட்டியே, சாதாரண நாளில், குழந்தையிடம் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும்: "எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் உடனே சொல். உன்னை அடிக்க மாட்டோம். நாயையும் ஒன்றும் செய்ய மாட்டோம்." சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். ஒரு தடவை அடித்துவிட்டால் அடுத்த கடி மறைக்கப்படும். தாத்தா, பாட்டி, அத்தை என்று வீட்டில் உள்ள அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் குழந்தை முதலில் யாரிடம் சொல்லும் என்று தெரியாது. சிறு குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு ஆகியவற்றைப் பார்த்துப் புதிய கீறல் இருந்தால் கோபமில்லாமல் விசாரிப்பது நல்ல வழக்கம்.

கடித்த நாயைக் கொல்லாதீர்கள்

கடித்த நாயை அடித்துக் கொல்வது குழந்தையின் சிகிச்சைக்கும் கெடுதல். நாயைத் தனியே கட்டி, தண்ணீரும் சோறும் எட்ட நின்று வைத்து, 10 நாள் கவனிக்க வேண்டும். எச்சிலில் கிருமி இருக்கும் நாய் அந்த 10 நாளுக்குள் நோய்க்குறி காட்டும் அல்லது இறந்துபோகும். 10 நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதற்கு வெறிநோய் பரப்பும் நிலை இல்லை என்று தெளியலாம். மீதி ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் நாயைக் கவனிப்பதற்காகக் குழந்தையின் முதல் ஊசியை 10 நாள் தள்ளிப்போடக் கூடாது. ஊசி அன்றே, கவனிப்பு அதனோடு கூடவே. பிடிக்க முடியாத நாய், ஓடிப்போன நாய் கடித்திருந்தால் முழு ஊசியும் போட்டே ஆக வேண்டும்.

வெறிநோயின் அறிகுறிகள்: குரல் மாறுதல், காரணமின்றிக் கண்டதைக் கடித்தல், வாயில் எச்சில் ஒழுகுதல், தாடை தொங்குதல், விழுங்க முடியாமை, நடை தள்ளாடுதல். சில நாய்கள் ஆர்ப்பாட்டம் இன்றி இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். இந்த ஊமை வெறி மிக ஆபத்தானது. தொண்டையில் எலும்பு சிக்கியதாக நினைத்து வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. எச்சில் ஒழுக்கி, தீனி விழுங்காமல், கத்திக்கொண்டே இருக்கும் மாட்டுக்கும் இது வந்திருக்கலாம். கால்நடை மருத்துவர் வரும்வரை எந்தப் பிராணியின் வாயிலும் கைவிடக் கூடாது.

ஆட்டுக்குட்டியும் கோழிக்குஞ்சும்

தாயிழந்த ஆட்டுக்குட்டியைப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்ப்பது குழந்தைகளுக்குப் பிரியமான வேலை. பிறந்ததும் சீம்பால் கிடைத்ததா என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். வளர்ந்த குட்டிக்கு ஆசையாகச் சோறும் பொங்கலும் அரிசியும் அள்ளி வைப்பதைத் தடுக்க வேண்டும். மாவுத் தீனி மிகுந்தால் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு உப்பி ஆடு இறந்துவிடும். பொங்கல் நாளில் இவ்வாறு சாகும் ஆடு மாடுகள் பல. ஒரு கை தழை கொடுத்தாலே ஆட்டுக்கு அன்பு புரியும்.

ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கன்றுவீசிய ஆட்டின் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் குழந்தை தொடாமல், நாய் இழுக்காமல் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் நீடித்த காய்ச்சல் இவ்வழியில் மனிதருக்குப் பரவுகிறது.

கோழிக்குஞ்சுக்கு 7-ஆம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தும், 8-ஆம் வாரம் ஊசியும் போட வேண்டும். குஞ்சைக் கையாண்டபின் கை கழுவ வேண்டும். படுக்கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் குழந்தையை அண்டவிடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பனைப் பொந்திலிருந்து கிளிக்குஞ்சை எடுத்து வளர்ப்பதும், காட்டில் கிடைத்த நட்சத்திர ஆமையைத் தொட்டியில் போடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைக் குழந்தைகளுக்கு விளக்கி, எடுத்தால் எடுத்த இடத்திலேயே விடச் சொல்ல வேண்டும்.

விற்கும் ஆட்டைப் பற்றிச் சொல்லி வைத்தல்

விவசாயி ஆடு வளர்ப்பது வருமானத்துக்காக. கடன் தவணைக்கும் பள்ளிச் செலவுக்கும் கிடாவைச் சந்தைக்கு ஓட்டித்தான் ஆக வேண்டும். குழந்தை பெயர் வைத்து வளர்த்த கிடாவை, அது பள்ளியில் இருக்கும்போது ஓட்டிச் சென்று விற்றுவிட்டு, 'காட்டில் தொலைந்துவிட்டது' என்று சொல்வது வழக்கமாக உள்ளது. குழந்தை சில நாள் காடெல்லாம் தேடும். பிறகு யார் மூலமாவது உண்மை தெரியும். அதன்பின் பெற்றோர் சொல்லும் எந்தச் சொல்லிலும் அதற்கு நம்பிக்கை குறையும். 'நாய் கடித்தால் சொல், ஒன்றும் செய்ய மாட்டோம்' என்ற சொல்லும் அதில் சேரும்.

குட்டி பிறந்ததுமே 'இது விற்கும் குட்டி, இது வீட்டில் இருக்கும் குட்டி' என்று பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. முடிந்தால் ஒரு பெட்டைக் குட்டியைக் குழந்தையின் பொறுப்பில் விடலாம். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். நன்கு பேணினால் அது ஈனும் குட்டிகள் மூலம் புத்தகத்துக்கும் துணிக்கும் பணம் கிடைக்கும். தாய் ஆடும் குழந்தையோடு இருக்கும். விற்கும் நாளில் குழந்தை அழுதால் அழட்டும். கேலி செய்யக் கூடாது.

சுருக்கமாகக் கவனிக்க வேண்டியவை

• 3 மாதத்தில் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி; பின் ஆண்டுதோறும்.

• முறைப்படி குடற்புழு நீக்கம். பச்சை ஆட்டுக் கழிவு நாய்க்குக் கூடாது.

• கடித்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம். அன்றே முதல் ஊசி. நாள் தவறாமல் கடைசி ஊசி வரை.

• கடித்த நாயைக் கொல்லாமல் 10 நாள் கட்டி வைத்துக் கவனித்தல்.

• கடிபட்டதைச் சொன்ன குழந்தையை அடிக்காமல் இருத்தல்.

இவற்றில் முதல் நான்குக்கும் மருத்துவமனைகள் உதவும். ஐந்தாவது வீட்டாரின் கையில் மட்டுமே உள்ளது. நாய்க்கு இன்னும் ஊசி போடாதவர்கள் வரும் சந்தை நாளன்றே அதைக் கயிற்றில் கட்டி, குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்லலாம்.